ரைஃபிள் தோட்டாவை வீட்டிலேயே ரீலோட் செய்ய: முதலில் பித்தளையைப் படியுங்கள்

கேள்வி கேட்டவர் டெக்சாஸுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. .308 வின்செஸ்டர் அளவுத் தோட்டா போடும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்று வைத்திருக்கிறார். நவம்பரில் மான் வேட்டை, மற்ற மாதங்களில் ரேஞ்சுக்குப் போய் இலக்கு சுடுவது. "கடைத் தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை. சுட்ட கூடுகள் ஒரு வாளி நிறையக் கிடக்கின்றன. வீட்டிலேயே அவற்றை மறுபடி நிரப்பி ரீலோட் செய்தால் மிச்சமாகுமா? அதற்கு எந்த பிரஸ் (அழுத்தும் கருவி) வாங்கலாம், எந்த வெடிமருந்து வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறார்.

நான் பதினான்கு வருடமாக .308, .30-06 என்ற இரண்டு தோட்டா அளவுகளுக்கும் ரீலோட் செய்கிறேன். பிரஸ் பற்றியும் மருந்து பற்றியும் பிறகு சொல்கிறேன். அந்த வாளியில் கிடக்கும் காலிக் கூடுகளைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். அவற்றைப் பார்த்து என்ன நடந்திருக்கிறது என்று சொல்லத் தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது. அது தெரியாமல் ஆயிரம் டாலருக்குக் கருவி வாங்கிப் பயனில்லை.

அதற்கும் முன்னால் சட்டம். நம்மவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. அமெரிக்காவில் நீங்கள் ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருந்தால், துப்பாக்கி மட்டுமல்ல, ஒரு தோட்டா வைத்திருப்பதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. டெக்சாஸில் அந்த லைசென்ஸ் ஆகஸ்ட் 31-உடன் முடிந்துவிடும். செப்டம்பர் 1 அன்று புதுப்பிக்காமல் அலமாரியில் தோட்டா வைத்திருந்தால் நீங்கள் நிற்கும் இடம் வேறு. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய கூட்டாட்சி லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. செய்து விற்பதைத் தொழிலாக்கினால் அதற்குத் தனி உற்பத்தி லைசென்ஸ் வேண்டும். நண்பருக்குச் சும்மா கூடக் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் அறிவுரை. அவருடைய துப்பாக்கிக்கு அது பொருந்துமா என்பது உங்களுக்குத் தெரியாது.

இன்னொன்று. ஊருக்குப் போகும்போது நினைவுக்காக என்று ஒரு காலிக் கூட்டைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும், தோட்டா செய்யும் இயந்திரங்களையும் தோட்டா என்ற வரையறைக்குள்ளேயே வைக்கிறது. ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை விமானப் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். பக்கவாட்டு அறையில் ஒன்று ஒளிந்திருந்தால் சென்னை விமான நிலையத்தில்தான் அது கண்ணில் படும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு தோட்டாவில் நான்கே சாமான்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி கிளப்பும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் பறந்துபோகும் குண்டு. சுட்டதும் மற்ற மூன்றும் செலவாகிவிடும், மறுபடி பயன்படுவது கூடு மட்டும். நான்கில் பெரும்பாலும் விலை அதிகமானதும் அதுதான். ரீலோட் செய்வது என்றால் அந்தக் கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர், மருந்து, குண்டு வைப்பது. 

அமெரிக்காவில் இது இவ்வளவு பரவியதற்குப் பிரைமரும் ஒரு காரணம். இங்கே புழங்குவது பாக்ஸர் வகை. கூட்டின் அடியில் நடுவில் ஒரே ஓட்டை இருக்கும், ஓர் ஊசியால் பழைய பிரைமரைத் தள்ளிவிடலாம். ஐரோப்பாவிலும் பல ராணுவங்களிலும் புழங்கிய பெர்டான் வகையில் ஓரமாக இரண்டு சிறு ஓட்டைகள், நடுவில் ஊசி போகாது. பாக்ஸர் ஓர் ஆங்கிலேயர், பெர்டான் ஓர் அமெரிக்கர். ஒவ்வொருவர் கண்டுபிடிப்பும் அடுத்தவர் நாட்டில்தான் நிலைத்தது. உங்கள் வாளியில் உள்ள கூடுகளில் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நடுவில் ஒரே ஓட்டை தெரிந்தால் வைத்துக்கொள்ளலாம். இரண்டு தெரிந்தால் பழைய பித்தளைக் கடைக்கு.

இப்போது அந்தக் கூடு என்ன பாடுபடுகிறது என்று பாருங்கள். .308-க்கு அமெரிக்கத் தர அமைப்பு நிர்ணயித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. உங்கள் கார் டயரில் இருப்பதைப் போல ஏறத்தாழ 1,800 மடங்கு. அந்த அழுத்தம் உங்கள் முகத்துக்கு அரை அடி முன்னால் உருவாகிறது. அதைப் பின்பக்கம் கசியவிடாமல் அடைத்து நிற்பது கூட்டின் மெல்லிய சுவர்தான். 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம் சேர்ந்த இந்தப் பித்தளை, அழுத்தம் வந்ததும் விரிந்து சேம்பரின் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின்) சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் போனதும் கொஞ்சம் சுருங்கி விடுபடும். இரும்புக்கு இந்த வளைந்துகொடுக்கும் குணம் குறைவு. ஆனால் ஒவ்வொரு முறை விரிந்து சுருங்கும்போதும் பித்தளை கொஞ்சம் கெட்டிப்படும், கொஞ்சம் நீளும்.

நீளும் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். சுடும்போது கூட்டின் முன்பகுதி சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. கெட்டியான அடிப்பகுதி மட்டும் பின்னால் போல்ட்டில் (சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் தண்டில்) மோதும்வரை நகர்கிறது. இரண்டுக்கும் நடுவே, அடியிலிருந்து சுமார் 1 சென்டிமீட்டர் மேலே, சுவர் இழுபடுகிறது. நீங்கள் சைஸிங் டையில் (கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சில்) கூட்டைத் தேவைக்கு மேல் அழுத்தி, தோளை, அதாவது கூடு கழுத்தாகக் குறுகும் சரிவை, பின்னால் தள்ளிவிட்டால், அடுத்த முறை நகர்வதற்கு இன்னும் இடம் கிடைக்கிறது. அதே இடம் இன்னும் இழுபடுகிறது. நாலைந்து முறையில் அங்கே உட்புறமாக ஒரு பள்ளம் விழும். கடைசியில் கூடு அந்த இடத்தில் இரண்டாக அறுந்துவிடும்.

எனக்கு அது நடந்தது. ஆரம்ப வருடங்களில், டையை அடிவரை இறக்கி, பிரஸ்ஸின் கைப்பிடியை முழுபலத்தோடு அழுத்தி எல்லாக் கூட்டையும் சைஸ் செய்துகொண்டிருந்தேன். டையோடு வந்த தாளில் அப்படித்தான் இருந்தது, நானும் அளந்து பார்க்கவில்லை. மத்திய டெக்சாஸ் மலைப்பகுதியில் லானோ என்ற ஊர்ப் பக்கம் ஒரு நவம்பர் காலையில் மானைச் சுட்டேன். மான் விழுந்தது. போல்ட்டைப் பின்னால் இழுத்தபோது அரை அங்குல உயரத்தில் பித்தளை வளையம் ஒன்று மட்டும் வெளியே வந்து விழுந்தது. மீதிக் கூடு சேம்பருக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. கன்னத்தில் சூடாகக் காற்று பட்டது நினைவிருக்கிறது. கண்ணாடி போட்டிருந்தேன், கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து அந்தத் தொகுதியில் மீதமிருந்த கூடுகளை ரம்பத்தால் நெடுக அறுத்துப் பார்த்தேன். ஏழில் ஐந்தில் பள்ளம் விழுந்திருந்தது. வெளியே இருந்து பார்த்தால் மெல்லிய பளபளப்பான கோடு ஒன்றுதான், அதுவும் சிலவற்றில் மட்டும்.

அன்றிலிருந்து நான் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, அதன் நுனியில் 2 மில்லிமீட்டரை மட்டும் செங்கோணமாக மடித்து, நுனியை அரத்தால் கூராக்கி வைத்திருக்கிறேன். கூட்டின் வாய் வழியாக அதை உள்ளே விட்டு அடியைத் தொடவேண்டும். பிறகு நுனியைச் சுவரோடு உரசியபடி மெல்ல மேலே இழுக்க வேண்டும். நல்ல கூட்டில் அடியிலிருந்து மேலே வழுவழுவென்று ஏறும். பள்ளம் விழுந்த கூட்டில் சுமார் 1 சென்டிமீட்டர் வந்ததும் நுனி ஒரு பள்ளத்தில் இறங்கி, பிறகு தடுக்கி ஏறும். விரலில் அது தெளிவாகத் தெரியும். கொஞ்சம் சந்தேகமாக இருந்தாலும் அந்தக் கூட்டைக் குறட்டால் நசுக்கிப் போட்டுவிடுங்கள். நசுக்காமல் போட்டால் என்றாவது ஒருநாள் மறந்து எடுத்துவிடுவோம்.

இதைத் தடுக்கும் வழியும் எளிது. உங்கள் ரைஃபிளில் சுட்ட கூட்டின் தோள் எங்கே இருக்கிறது என்று காலிப்பரில் (நுணுக்கமாக அளக்கும் கருவியில்) மாட்டும் அளவுகோல் ஒன்றால் அளந்துகொண்டு, சைஸ் செய்யும்போது அதைவிட 0.002 அங்குலம் மட்டும் பின்னால் போகும்படி டையை வைத்துக்கொள்ள வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய அளவு இது. போல்ட் ஆக்‌ஷனுக்கு இது போதும். உங்கள் கூடு உங்கள் சேம்பருக்கே தைத்த சட்டை மாதிரி ஆகிவிடும். இதனால்தான் ரேஞ்சில் கீழே கிடக்கும் பிறர் கூடுகளைப் பொறுக்கி இதோடு கலக்க வேண்டாம் என்கிறேன். அவை எந்த சேம்பரில் எத்தனை முறை இழுபட்டவை என்று யாருக்குத் தெரியும்.

கூடு நீளும்போது கழுத்தும் முன்னால் வளரும். .308-க்கு உச்ச நீளம் 2.015 அங்குலம். அதைத் தாண்டினால் கழுத்து சேம்பரின் முனையில் முட்டிக் குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும். ஒவ்வொரு முறை சைஸ் செய்த பிறகும் அளந்து, தாண்டியதை 2.005-க்கு வெட்டி, வாயின் உள்ளும் புறமும் பிசிறு எடுங்கள். கழுத்து கெட்டிப்பட்டு நெடுகக் கீறல் விட்டால் அந்தக் கூட்டின் ஆயுள் முடிந்தது. கழுத்தை மட்டும் சூடாக்கி மீண்டும் மென்மையாக்கும் முறை உண்டு. அதை இரண்டாவது வருடம் கற்றுக்கொள்ளுங்கள். சூடு அடிப்பகுதிக்கு இறங்கிவிட்டால் அடி மென்மையாகி, அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இடமே கைவிட்டுவிடும்.

சுத்தம் செய்வதில் நமக்கு ஒரு வசதி. பித்தளைக் குடத்தையும் குத்துவிளக்கையும் புளி போட்டுத் தேய்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே ரீலோட் செய்பவர்கள் வெந்நீரில் கொஞ்சம் சிட்ரிக் அமிலம் போட்டுக் கூடுகளை உருட்டுகிறார்கள். வேலை செய்வது அதே புளிப்புதான். ஒரு சிட்டிகை போதும். அதிகம் போட்டு நேரம்போக ஊறவிட்டால் துத்தநாகம் கரைந்து கூடு இளஞ்சிவப்பாகிவிடும். அது அழகு இல்லை, பலவீனம். ஆனால் கடையில் விற்கும் அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். இதற்குப் பின்னால் நம் நாட்டுச் சம்பவமே இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. மழை விட்டு எடுத்துப் பார்த்தால், குண்டைப் பிடித்திருந்த கழுத்தில் வெடிப்பு. பருவகாலத்தில் வந்ததால் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்தார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியா, இழுவிசையில் இருந்த பித்தளையை உடைத்தது என்று 1921-இல்தான் தெளிவானது.

சுட்ட கூட்டுக்குள் இருக்கும் கரியில் பிரைமரிலிருந்து வந்த ஈயம் இருக்கிறது. வீட்டில் குழந்தைகள் இருந்தால், கூடுகளை உலர்ந்த தூளில் உருட்டிச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம். கழுவிய தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். வேலை முடிந்ததும் சாப்பாட்டைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

அப்புறம் மருந்து. எந்த மருந்து, எத்தனை கிரெய்ன் என்று நான் எண் சொல்லமாட்டேன். ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம், ஒரு பவுண்டுக்கு 7,000. அந்த எண் மருந்து அல்லது குண்டு செய்யும் நிறுவனம் அச்சிட்ட கையேட்டிலிருந்துதான் வரவேண்டும். குறைந்தது இரண்டு கையேட்டில் பார்த்து ஒப்பிடுங்கள். என்னைப்போல யாராவது எழுதியதையோ, ரேஞ்சில் பக்கத்து மேஜைக்காரர் சொன்னதையோ குறித்துக்கொள்ளாதீர்கள். பெயர்கள் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஓர் உதாரணம்: ஹெச் 4831 என்று ஒரு மருந்து, ஐஎம்ஆர் 4831 என்று இன்னொன்று. எண் ஒன்றுதான். ஆனால் ஐஎம்ஆர் வேகமாக எரியும். ஒன்றுக்கு உரிய உச்ச அளவை மற்றதில் போட்டால் அழுத்தம் வரம்பு மீறும். ஆகவே மேஜைமேல் எந்த நேரத்திலும் ஒரே ஒரு டப்பாதான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அளவியில் மீந்ததை அதே டப்பாவில் கொட்டி, மூடி, அலமாரியில் வைத்த பிறகே அடுத்தது. எந்த மருந்து என்று சந்தேகம் வந்துவிட்டால் அதைப் பயன்படுத்தவே கூடாது. பிஸ்டலுக்கான வேகமான மருந்து ரைஃபிள் கூட்டுக்குள் போனால் ரைஃபிளே வெடித்துச் சிதறும்.

முதல் மருந்தாக, கையேட்டில் உங்கள் குண்டு எடைக்கு உரியவற்றில் கூட்டைப் பெருமளவு நிரப்பக்கூடியதைத் தேர்ந்தெடுங்கள். தவறி இரண்டு முறை போட்டால் வழிந்து கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். ஐம்பது கூடுகளையும் மரக்கட்டையில் வரிசையாக நிறுத்தி மருந்து போட்ட பிறகு, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து ஒவ்வொரு வாயாக எட்டிப் பாருங்கள். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்றால் அதைக் கொட்டி மறுபடி எடை பார்த்துப் போடுங்கள். போன் பேசிக்கொண்டோ, கிரிக்கெட் ஓடவிட்டுக்கொண்டோ இந்த வேலையில் உட்காராதீர்கள். யாராவது கூப்பிட்டால், கையில் இருக்கும் கூட்டிலுள்ளதைக் கொட்டிவிட்டு எழுந்து போங்கள்.

கையேட்டில் ஆரம்ப அளவு, உச்ச அளவு என்று இரண்டு இருக்கும். ஆரம்ப அளவிலிருந்துதான் ஏற வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொரு படியிலும் சுட்ட கூட்டை எடுத்துப் பாருங்கள். பிரைமரின் ஓரம் வட்டமாக இருக்கிறதா, நசுங்கித் தட்டையாகிவிட்டதா? கூட்டின் அடியில் பளபளவென்று புதுத் தழும்பு இருக்கிறதா? போல்ட்டைத் தூக்க வழக்கத்தைவிடப் பலம் தேவைப்பட்டதா? இதில் ஒன்று தெரிந்தாலும் நிறுத்திவிடுங்கள், கையேட்டின் உச்சத்துக்கு இன்னும் தூரம் இருந்தாலும் சரி. ஆனால் இந்த அறிகுறி எதுவும் இல்லை என்பதால் உச்சத்தைத் தாண்டலாம் என்று அர்த்தம் இல்லை. பிரைமரைப் பார்த்து அழுத்தத்தைத் துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது.

குண்டையோ, பிரைமரையோ, கூட்டின் பிராண்டையோ மாற்றினால் மறுபடி ஆரம்ப அளவுக்கு இறங்க வேண்டும். குறிப்பாக ராணுவ 7.62 கூடுகள். வெளியே .308 மாதிரியேதான் இருக்கும். பொதுவாகச் சுவர் தடிமன் அதிகம், உள்ளே இடம் குறைவு. அதே மருந்துக்கு அழுத்தம் கூடும். பிரைமரைச் சுற்றி இறுக்கி அடித்திருப்பார்கள், அந்த விளிம்பை எடுக்காமல் புது பிரைமர் உட்காராது. உங்கள் வாளியில் இவை கலந்திருந்தால் முதல் வேலையாகத் தனியே பிரியுங்கள்.

மருந்தை வைக்கும் இடம் டெக்சாஸில் முக்கியம். காராஜில் வேண்டாம். ஆகஸ்டில் அங்கே அடிக்கும் வெக்கை மருந்தின் ஆயுளைத் தின்றுவிடும். வீட்டுக்குள் குளிர்ந்த, பூட்டக்கூடிய அலமாரியில், வந்த டப்பாவிலேயே வையுங்கள். அந்த டப்பா வேண்டுமென்றே மெல்லியதாகச் செய்யப்பட்டது. தீப்பிடித்தால் அழுத்தம் சேரும் முன்பே வாய் பிளந்துவிடும். அதனால் இரும்புப் பெட்டிக்குள் இறுக்கி மூடி வைக்காதீர்கள். இங்குள்ள தீப்பாதுகாப்பு விதிப்படி ஒரு வீட்டில் 20 பவுண்டு வரை அப்படியே வைக்கலாம். அதற்கு மேல் 50 பவுண்டு வரை வைக்க 1 அங்குலக் கனத்தில் மரப்பெட்டி வேண்டும். பிரைமர் 10,000 வரை. அவை வந்த தட்டிலேயே இருக்கட்டும், பாட்டிலில் மொத்தமாகக் கொட்டி வைத்தால் ஒன்று வெடித்தால் எல்லாம் வெடிக்கும்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு முறை இழுத்தால் ஒரு வேலை செய்யும் சாதாரண ஒற்றை பிரஸ் வாங்குங்கள். தானாகச் சுற்றி ஐந்து வேலை செய்யும் பிரஸ் இப்போது வேண்டாம். ஒவ்வொரு கூடும் பல முறை கையில் வந்துபோவதுதான் கற்கும் வழி. .308-க்கான டை செட், நல்ல தராசு, அதைச் சரிபார்க்க எடைக்கற்கள், காலிப்பர், தோள் அளக்கும் துணைக்கருவி, நீண்ட கழுத்தை வெட்டும் ட்ரிம்மர், சைஸிங் எண்ணெய். எண்ணெய் தடவ மறந்த கூடு டைக்குள் மாட்டிக்கொண்டால் எடுப்பதற்குள் அரை நாள் போய்விடும். அதிகம் தடவினாலோ தோளில் சொட்டை விழும்.

வேட்டைக்கும் இலக்குக்கும் ஒரே தோட்டா தேவையில்லை. இந்த மலைப்பகுதியில் மான் பெரும்பாலும் 150 கெஜத்துக்குள்தான் கிடைக்கும். அங்கே அரை அங்குலத் துல்லியத்துக்காக மாதக்கணக்கில் மருந்தை மாற்றிப் பார்ப்பதில் பயன் இல்லை. முதல் குண்டு, குளிர்ந்த குழலிலிருந்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் போக வேண்டும், அதுதான் தேவை. வேட்டைக்கு நான் முழுச் செம்புக் குண்டுதான் போடுகிறேன். ஈயக் குண்டு உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் இறைச்சியில் பரவும், அதை என் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயம் கூடவே கூடாது. செம்பு ஈயத்தைவிட இலேசானது, அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாக இருக்கும், கூட்டுக்குள் அதிக இடம் பிடிக்கும். அதற்குரிய தனிப் பக்கத்தைக் கையேட்டில் பாருங்கள், ஈயக் குண்டின் அளவைப் போடாதீர்கள்.

இலக்கு சுடும்போது மூன்று குண்டு ஒரே ஓட்டையில் விழுந்ததும் இதுதான் மந்திர அளவு என்று நம்பிவிடுகிறோம். அடுத்த மூன்று அப்படி விழாது. பத்து சுட்டுப் பாருங்கள், அப்போதுதான் உண்மை தெரியும். 600 கெஜத்துக்குப் போகும்போது ஒவ்வொரு குண்டின் வேகமும் எவ்வளவு மாறுகிறது என்பது முக்கியமாகும், அப்போது வேகமானி வாங்குங்கள். 100 கெஜத்தில் அது பெரிதாகக் காட்டாது.

மிச்சமாகுமா என்று கேட்டீர்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று பெட்டி சுட்டு மானோடு நிறுத்திக்கொள்பவர் என்றால் ஆகாது, கடைத் தோட்டாவே போதும். மாதம் இரண்டு முறை ரேஞ்சுக்குப் போய் உயர்தர இலக்குத் தோட்டா சுடுபவர் என்றால் கருவிக்கான பணம் ஒன்றிரண்டு வருடத்தில் திரும்பிவிடும். உங்கள் கணக்கு இரண்டாவது வகை, ஆகவே தொடங்கலாம்.

இந்த வாரம் ஒன்றும் வாங்க வேண்டாம். வாளியைக் கவிழ்த்து, உங்கள் ரைஃபிளில் சுட்டதென்று உறுதியாகத் தெரிந்த கூடுகளை மட்டும் பிராண்டுவாரியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குவியலையும் ஒரு டப்பாவில் போட்டு, "ஒரு முறை சுட்டது" என்று தேதியோடு சீட்டு ஒட்டுங்கள். எத்தனை முறை சுட்டது என்று தெரியாததைத் தனியே ஒதுக்குங்கள். பேப்பர் கிளிப்பை மடித்து, அந்த ஒதுக்கிய குவியலில் இருபதையாவது உள்ளே தடவிப் பாருங்கள். பள்ளம் இருப்பது எப்படி இருக்கும் என்று விரலுக்குத் தெரிந்த பிறகு கையேடு வாங்குங்கள். பிரஸ் அதற்கு அடுத்தது.